இரைச்சலிலிருந்து காதைக் காக்க மாத்திரை உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேரடியாகச் சொல்லுங்கள். இரைச்சலால் காது போகாமல் தடுக்க மருந்து இருக்கிறதா?

இல்லை. இரைச்சலால் வரும் காது கேளாமையைத் தடுக்கவோ குணப்படுத்தவோ அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்த மருந்து ஒன்றுகூடக் கிடையாது. "காது நரம்புக்கு வலு" என்று இணையத்தில் விற்பவை பெரும்பாலும் வைட்டமின் மாத்திரைகள்தான்.

அதற்காக இந்தத் துறையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. முப்பது வருடங்களுக்கு மேலாக ஆராய்ச்சி நடக்கிறது. அதில் ராணுவங்களுக்குப் பெரிய அக்கறை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் இழப்பீடு கேட்கும் உடல் பாதிப்புகளில் முதலிடம் காதிரைச்சலுக்கு, அதாவது காதுக்குள் ஓயாமல் கேட்கும் "கொய்ங்" சத்தத்துக்கு. செவித்திறன் குறைவும் அந்தப் பட்டியலின் மேல்வரிசையிலேயே இருக்கிறது. துப்பாக்கி சுடும் இளைஞனுக்கு ஒரு மாத்திரை கொடுத்துக் காதைக் காப்பாற்ற முடிந்தால் அரசுக்கே லாபம்.

அடிப்படையில் ஒரு சந்தேகம். சத்தம் என்பது அதிர்வு. அதை மருந்து எப்படித் தடுக்கும்?

நல்ல கேள்வி. சத்தத்தை மருந்து தடுக்காது. சத்தம் உள்ளே போன பிறகு நடக்கும் ரசாயனக் கலவரத்தைத்தான் அது அடக்கப் பார்க்கிறது.

உள்காதில் காக்ளியா என்ற சுருள் இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் சுமார் 3,500 உள்வரிசை முடி செல்களும் 12,000 வெளிவரிசை முடி செல்களும் உண்டு. வெளிவரிசை செல்கள் மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும். உள்வரிசை செல்கள் அதை நரம்புக்குச் சேர்க்கும். பிறக்கும்போது கிடைத்த இந்தச் செல்கள்தான் கடைசி வரைக்கும். செத்தால் புதிதாக முளைக்காது.

பட்டாசு, துப்பாக்கி போன்ற வெடிச்சத்தம் இந்தச் செல்களை நேரடியாகப் பிய்த்தே போட்டுவிடும். அப்படிப் பிய்ந்த செல்லுக்கு மருந்தால் எதுவும் செய்ய முடியாது, தப்பிய செல்களில் பிறகு நடக்கும் ரசாயனச் சேதத்தைத்தான் அடக்கப் பார்க்கலாம். ஆனால் தறி, ஜெனரேட்டர், ஸ்பீக்கர் போன்ற தொடர் இரைச்சலில் நடப்பது வேறு. முடி செல்கள் இடைவிடாமல் வேலை செய்வதால் அவற்றுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் தனியுறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல்) என்ற நச்சு மூலக்கூறுகள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. காக்ளியாவுக்கு வரும் ரத்த ஓட்டம் குறைகிறது. செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. நரம்புக்குச் செய்தி கடத்தும் குளூட்டமேட் என்ற ரசாயனம் நரம்பு முனையில் அளவு மீறிக் கொட்டி அந்த முனையையே வீங்கவைக்கிறது. கடைசியில் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

ஆராய்ச்சியாளர்களுக்கு நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்தான். இரைச்சல் நின்ற பிறகும் இந்தக் கலவரம் நிற்பதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கினிப் பன்றிகளை வைத்துச் செய்த ஆய்வில், இந்த நச்சு மூலக்கூறுகள் உச்சத்துக்குப் போனது இரைச்சலுக்கு 7 முதல் 10 நாட்களுக்குப் பிறகு. 2004-இல் வெளியான முடிவு அது. சத்தம் ஓய்ந்து ஒரு வாரம் கழித்தும் செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன என்றால், முன்கூட்டியே மருந்து கொடுக்கலாம், ஏன், அடிபட்ட பிறகு கொடுத்தாலும் கொஞ்சம் காப்பாற்றலாம் என்று தோன்றுவது இயல்புதானே.

திருவிழாவில் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றேன். ராத்திரி முழுக்கக் காது அடைப்பு, மறுநாள் சரியாகிவிட்டது. அப்படியென்றால் சேதம் இல்லை என்றுதானே பொருள்?

2009 வரை டாக்டர்களும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். இதற்குத் தற்காலிகக் கேள்திறன் இறக்கம் என்று பெயர். அந்த வருடம் அமெரிக்காவில் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இருவர் சுண்டெலிகளுக்கு 2 மணி நேரம் 100 டெசிபல் சத்தம் கேட்கவைத்தார்கள். சில நாட்களில் எலிகளின் கேள்திறன் பழைய நிலைக்கு வந்துவிட்டது. முடி செல்களும் பத்திரம். ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால், அதிக அதிர்வெண் பகுதியில் முடி செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பாதிவரை காணாமல் போயிருந்தன. அவை திரும்ப வரவே இல்லை.

இப்படிப்பட்ட சேதம் வழக்கமான ஆடியோகிராமில், அதாவது கேள்திறனை அளந்து கோடாக வரையும் பரிசோதனையில் தெரியாது. அமைதியான அறையில் எல்லாம் கேட்கும், கல்யாண மண்டபத்தில் எதிரே இருப்பவர் பேசுவது மட்டும் புரியாது. மனிதர்களிடம் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. மருந்து ஆராய்ச்சிக்கோ இது பெரிய தலைவலி. "தற்காலிக இறக்கத்தைக் குறைத்தோம்" என்று ஒரு மருந்து சொன்னால், அந்த இணைப்புகளையும் காப்பாற்றியதா என்று கேட்கத்தானே வேண்டும்.

மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த மருந்துகள் எவை?

பட்டியல் நீளம். மூன்றைப் பற்றித் தெரிந்துகொண்டால் மற்றவற்றின் கதை ஓரளவு பிடிபட்டுவிடும்.

முதலில் மக்னீசியம். 1994-இல் வெளியான இஸ்ரேல் ஆய்வு இது. ராணுவப் பயிற்சிக்கு வந்த 300 இளைஞர்களுக்கு 2 மாதம் தினமும் ஒரு பானம். பாதிப் பேரின் பானத்தில் 167 மில்லிகிராம் மக்னீசியம், மீதிப் பேருக்கு வெறும் பானம். பயிற்சி முடிவில், மக்னீசியம் குடித்தவர்களிடம் நிரந்தரக் கேள்திறன் இழப்பு குறைவாக இருந்தது. இந்தத் துறையில் நிரந்தர இழப்பையே அளந்து நல்ல முடிவு காட்டிய ஆய்வுகள் மிகக் குறைவு. அதனால் முப்பது வருடம் கழித்தும் இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒரு ஆய்வையே இத்தனை காலம் மேற்கோள் காட்ட வேண்டியிருப்பது எனக்கு அவ்வளவு நல்ல அறிகுறியாகப் படவில்லை.

அடுத்து என்-அசிட்டைல்சிஸ்டீன், சுருக்கமாக என்.ஏ.சி. பாரசிட்டமால் அளவு மீறிச் சாப்பிட்டவர்களைக் காப்பாற்ற மருத்துவமனையில் கொடுப்பதும், சளியை இளக்கக் கரையும் மாத்திரையாகத் தருவதும் இதுதான். தண்ணீரில் போட்டால் அழுகிய முட்டை வாடை வரும். அந்த நச்சு மூலக்கூறுகளை அடக்கும் குளூட்டதயோனை உடம்பு தயாரிக்க இது மூலப்பொருள். அமெரிக்க மரீன் படை வீரர் பயிற்சியில் 566 பேரிடம் சோதித்தார்கள். ஆயுதப் பயிற்சி நடந்த நாட்களில் தினம் 2,700 மில்லிகிராம், மூன்று வேளையாக. 2015-இல் முடிவு வந்தது. ஆய்வு தொடங்கும்முன் வகுத்த முக்கிய அளவுகோலில் மருந்துக்கும், ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மருந்தில்லாத போலி மாத்திரைக்கும் கணிசமான வித்தியாசம் இல்லை. பிறகு, துப்பாக்கி விசையை அழுத்தும் கைப்பக்கக் காதை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது கொஞ்சம் பலன் தெரிந்தது. முடிவு வந்த பிறகு இப்படிப் பிரித்துப் பார்ப்பதை அடுத்த ஆய்வுக்கான துப்பாக எடுத்துக்கொள்ளலாம், ஆதாரமாக அல்ல.

மூன்றாவது எபசெலன். செலினியம் கலந்த ஒரு மூலக்கூறு. குளூட்டதயோன் பெராக்ஸிடேஸ் என்ற நம் உடம்பு என்சைமின் வேலையைத் தானும் செய்யும். அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள சவுண்ட் பார்மசூட்டிகல்ஸ் என்ற மருந்து நிறுவனம் இதை எடுத்துக்கொண்டு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சோதித்தது. முடிவு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. பங்கேற்றவர்கள் 83 பேர், எல்லோரும் 18 முதல் 31 வயதுக்குள். நாலு நாள் மாத்திரை. நடுவில் ஒரு நாள், காதுக்குள் செருகும் இயர்போனில் அளவு வைத்த சத்தத்தில் 4 மணி நேரம் பாட்டு. ராணுவமும் வேண்டாம், தொழிற்சாலையும் வேண்டாம், பாட்டுக் கேட்கவைத்தே சோதிக்கலாம் என்பது கெட்டிக்காரத்தனமான யோசனை.

இவை போக பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, ஈ, மக்னீசியம் எல்லாம் சேர்ந்த ஒரு கலவையும் இதே பாட்டுச் சோதனைக்கு வந்தது. 2016-இல் அதன் முடிவு வெளியானது: பாதுகாப்பு இல்லை.

எபசெலன் 68 சதவீதம் பாதிப்பைக் குறைத்தது என்று படித்தேனே. அது பெரிய வெற்றி இல்லையா?

சதவீதத்தை விட்டுவிட்டு டெசிபலைப் பாருங்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 4000 ஹெர்ட்ஸில் சராசரியாக 4.07 டெசிபல் தற்காலிக இறக்கம். ஒரு வேளைக்கு 400 மில்லிகிராம் எபசெலன் சாப்பிட்டவர்களுக்கு 1.32 டெசிபல். 68 சதவீதம் என்பது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான், அதாவது 3 டெசிபலுக்கும் கீழே.

ஒரு கிளினிக்கில் காதுப் பரிசோதனைக்கு உட்கார்ந்தால் ஆடியோமீட்டரின் குமிழை 5 டெசிபல் படிகளில்தான் திருப்புவார்கள். ஒரு படிகூட வராத வித்தியாசம் இது. ஆரோக்கியமான இளைஞர்களை ஆபத்தான சத்தத்துக்கு ஆட்படுத்த முடியாது என்பதால் இறக்கமே சின்னதாகத்தான் வரும். ஆய்வாளர்கள் மேல் தப்பில்லை. ஆனால் இதைவைத்து, தறிக்கூடத்தில் இருபது வருடம் நிற்பவருக்கு மாத்திரை உதவும் என்று சொல்வது பெரிய தாவல். இன்னொன்றும் உண்டு. 200 மில்லிகிராமிலும் 600 மில்லிகிராமிலும் வித்தியாசம் புள்ளிவிவரக் கணக்கில் தேறவில்லை. நடு அளவு மட்டும் வேலை செய்தால் உண்மையான பலனா, தற்செயலா என்று யோசிக்கத்தான் தோன்றும்.

எலிக்கு வேலை செய்யும் மருந்துகள் மனிதருக்கு வந்ததும் ஏன் சொதப்புகின்றன?

எலிக்குக் கொடுக்கும் சத்தம் ஒரே மாதிரி, ஒரே தடவை, நேரம் குறித்தது. எலிகளும் ஒரே வம்சம். மனிதரின் காது பத்து வருடம் தறி, பஸ், இயர்போன், தீபாவளி என்று எல்லாவற்றையும் கலந்து வாங்குகிறது. ஒரே பட்டறையில் ஒரே வேலை பார்க்கும் இரண்டு பேரில் ஒருவருக்குக் காது போகும், இன்னொருவருக்குப் போகாது.

அப்புறம் மருந்து போய்ச் சேர வேண்டுமே. மூளையைப் போலவே உள்காதுக்கும் ரத்தத்திலிருந்து கண்டதையும் உள்ளே விடாத ஒரு தடுப்பு இருக்கிறது. வாய்வழி சாப்பிட்டதில் எவ்வளவு உள்ளே போனது என்று உயிரோடு இருக்கும் ஒருவரின் காக்ளியாவில் ஊசி விட்டு எடுத்துப் பார்க்க முடியாது. அதில் இருப்பதே சில சொட்டு திரவம்.

தீபாவளிக்கு வெடி பக்கத்திலேயே வெடித்துவிட்டது. ஒரு காது மந்தம், கொய்ங் என்று சத்தம். இதற்காவது மருந்து உண்டா?

இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். அன்றைக்கே, இல்லையென்றால் மறுநாளாவது இ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். "தானா சரியாப் போயிடும்" என்று ஒரு வாரம் பார்க்க வேண்டாம்.

டாக்டர் முதலில் செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஆடியோகிராம். உள்காது அடிபட்டிருந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு கொடுப்பார், மாத்திரையாகவோ, செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஊசியாகவோ. சில நாடுகளின் ராணுவ மருத்துவமனைகளில் இதோடு உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையும் கொடுக்கிறார்கள். ஆதாரம் இரும்புக் கோட்டை மாதிரி இல்லை. திடீர்க் காது கேளாமைக்குக் கொடுத்துப் பழகியதை இதற்கும் கொடுக்கிறார்கள். ஆனாலும் கொடுப்பதென்றால் முதல் சில நாட்களில் கொடுக்க வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும்.

வெடியால் அடிபட்ட காதுக்கென்றே ஒரு மருந்தை ஜெர்மனியில் சோதித்தார்கள். புத்தாண்டு இரவில் பட்டாசால் காது அடிபட்ட 11 பேருக்கு ஏ.எம்-111 என்ற மருந்தை நடுக்காதில் செலுத்திய சிறிய ஆய்வு, 2007-இல் வெளிவந்தது. செல் தற்கொலையைத் தூண்டும் ஒரு புரதத்தை மறிக்கும் மருந்து அது. பிறகு திடீர்க் காது கேளாமைக்காக நடந்த பெரிய ஆய்வில், 2017-இல், அது தன் முக்கிய இலக்கைத் தொடவில்லை.

ஒரு கணக்கு: இந்திய விதிப்படி பட்டாசின் சத்தம் 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் ஏறும். விதிக்கு உட்பட்ட வெடியே 1 மீட்டரில் 137 பக்கம் போய்விடும். கையில் பிடித்துத் தூக்கிப் போடும் பையன்களின் காதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடிபட்ட காதில் எண்ணெய், பூண்டுச் சாறு, சொட்டு மருந்து எதையும் டாக்டர் பார்க்கும்முன் விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் நேரே நடுக்காதுக்குள் போகும்.

என்.ஏ.சி., மக்னீசியம், செலினியம் எல்லாம் கடையில் கிடைக்கிறதே. வாங்கிச் சாப்பிட்டால் என்ன கெட்டுவிடும்?

என்.ஏ.சி. சிலருக்குக் குமட்டல், வாந்தி தரும். ஆஸ்துமா உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். மக்னீசியம் அதிகமானால் வயிற்றுப்போக்கு, சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு ஆபத்து. செலினியம் மாத்திரை எபசெலன் ஆகாது. அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும். பணம் போவதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு: மாத்திரை போட்டவர் "நமக்குத்தான் பாதுகாப்பு இருக்கே" என்று ஸ்பீக்கருக்கு இன்னும் ஓர் அடி கிட்டப் போவார்.

உணவால் முடியுமா? பாதாம், கீரை?

சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. காதுக்கென்று நம்பி இருக்காதீர்கள்.

காதைக் காக்க ஒப்புதல் பெற்ற மருந்தே உலகத்தில் இல்லையா?

ஒன்று இருக்கிறது, ஆனால் இரைச்சலுக்கு அல்ல. புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் காதைக் கெடுக்கும். அதைத் தடுக்க, உடலில் வேறு இடத்துக்குப் பரவாத கட்டி உள்ள குழந்தைகளுக்கு சோடியம் தயோசல்பேட்டை நரம்பு வழியாகக் கொடுக்க எஃப்.டி.ஏ. 2022-இல் ஒப்புதல் தந்தது. கல்லீரல் புற்றுநோய் வந்த குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், இது கொடுக்காதவர்களில் 63 சதவீதத்தினருக்குக் காது பாதித்தது, கொடுத்தவர்களில் 33 சதவீதத்தினருக்கு. இங்கே காதைத் தாக்குவது எது, எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று டாக்டருக்கே தெரியும். அதற்கேற்ப 6 மணி நேரம் தள்ளி மாற்று மருந்து போகிறது. இரைச்சல் அப்படி நேரம் சொல்லிவிட்டு வருவதில்லை.

காதைக் கெடுக்கும் மருந்துகளைச் சாப்பிடும்போது இரைச்சலில் வேலை பார்க்கலாமா?

முடிந்தவரை வேண்டாம். ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் வகை ஊசிகளும் சிஸ்பிளாட்டினும் அதே முடி செல்களைத்தான் தாக்குகின்றன. இரைச்சலும் சேர்ந்தால் சேதம் கூடும். காசநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு பட்டறைக்கும் போகிறவர் இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெயின்ட் தின்னரில் இருக்கும் டொலுவீன், ஃபைபர் வேலையில் வரும் ஸ்டைரீன் போன்ற கரைப்பான்களும் இரைச்சலோடு கூட்டு சேர்ந்து காதைக் கெடுப்பவை.

விசைத்தறிக் கூடத்தில் வேலை. மாத்திரை வரும்வரை என்ன செய்வது?

தறிக்கூடத்தில் வாயசைவையும் கையையும் பார்த்தே ஆட்கள் பேசிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கை தூரத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும் என்றால் அந்த இடம் காதுக்கு ஆகாது. தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு அமைப்பான நியாஷ் பரிந்துரைக்கும் எல்லை 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். இந்தியத் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90.

பஞ்சு வைத்துக்கொள்வது ஏறக்குறைய வைக்காததற்குச் சமம். நுரை இயர் பிளக் வாங்குங்கள், விலை சில ரூபாய்தான். கையைக் கழுவிவிட்டு, பிளக்கை விரல் நுனியில் மெல்லிய குச்சிபோல ஆகும்வரை உருட்டுங்கள். மற்றக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, பிளக்கை உள்ளே தள்ளி, அது உப்பி நிற்கும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்தியிருங்கள். சரியாகப் போயிருந்தால் உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள் பேசுவதுபோலக் கேட்கும். வெளியே பாதி துருத்திக்கொண்டிருந்தால் வேலை செய்யவில்லை.

வருடம் ஒரு முறை ஆடியோகிராம் எடுங்கள். இரைச்சல் பாதிப்பில் கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளமாக இறங்கி, 8000-இல் மறுபடி மேலே ஏறும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். இரைச்சலால் வரும் காது கேளாமை இந்தியச் சட்டத்தில் தொழில் நோயாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. வேலையில் சேரும்போது காது எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் பழைய தாள்தான் சாட்சி.

போன காதை மருந்தால் மீட்க முடியாதா?

கோழிக்கு முடியும். 1980-களின் கடைசியில் பறவைகளின் உள்காதில் முடி செல்கள் திரும்ப முளைப்பதைக் கண்டுபிடித்தார்கள். மனிதரிடம் அதைத் தூண்ட முயன்ற எஃப்.எக்ஸ்-322 என்ற ஊசி 2023-இல் இரண்டாம் கட்டச் சோதனையில் தோற்றது. சில குழந்தைகளுக்கு மரபணு சிகிச்சையால் காது கேட்டதாக வந்த செய்திகள் உண்மைதான். ஆனால் அது ஒட்டோஃபெர்லின் என்ற ஒரு மரபணுவில் பிறவிக் குறை உள்ளவர்களுக்கு. அவர்களின் முடி செல்கள் பெரும்பாலும் உயிரோடு இருக்கும்.

ஒருநாள் மாத்திரை வந்துவிட்டால் இயர் பிளக்கைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

முடியாது. அமெரிக்க என்.ஏ.சி. ஆய்வில் அந்த 566 பேரும் துப்பாக்கி சுட்டபோது காதில் பாதுகாப்புச் சாதனம் போட்டிருந்தார்கள், மருந்து சாப்பிட்டவர்களும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களும். பிளக் போட்ட பிறகும் உள்ளே போகும் மிச்சச் சத்தத்துக்கு மாத்திரை ஏதாவது செய்யுமா என்பதுதான் அங்கே கேள்வியே.